மயிற்பொறியும் மண்சரிவும்

சீவகசிந்தாமணியைப் பாடஞ் சொல்லுந்தோறும் நாமகள் இலம்பகத்திலே, மயிற்பொறி வருமிடத்தில் சற்றுத் தரித்து நிற்பது என் வழக்கம். தேவி விசயை கண்ட கனவினால் தனக்கு வரவிருக்கும் கேட்டை உணர்ந்த சச்சந்தன், அவளையும் அவள் வயிற்றிலுள்ள மகவையும் காக்கும் பொருட்டுத் தச்சன் ஒருவனை அழைத்து, வானிற் பறக்கும் மயில் ஒன்றைச் செய்விக்கிறான். அரசன் ஆணையிட்டான், மயில் பறந்தது என்று இரண்டடியிற் சொல்லிப் புலவர் அப்பாற் சென்றிருக்கலாம். திருத்தக்கதேவர் அவ்வாறு செல்லவில்லை. துணிக்கிழி, பசை, நூல், அரக்கு, மெழுகு எனத் தச்சன் எடுத்த பொருள்களை எண்ணிச் சொல்கிறார். வேலைக்கு ஏழு நாள் ஆயின என்கிறார். பொறியை வலப்பக்கம் திருகினால் மயில் முகிலைக் கிழித்து மேலெழும். இடப்பக்கம் திருகினால் இறங்கிக் காலைக் குவித்துத் தரையில் அமரும் என்று அதனை இயக்கும் முறையையும் தெரிவிக்கிறார். இக்காலத்தில் யந்திரம் ஒன்றை வாங்குவோருக்கு விற்பனையாளர் கொடுக்கும் சிறு கைந்நூலில் இவற்றிலும் கூடுதலாக என்ன இருக்கிறது?

இதைக் கேட்டவுடன், "அப்படியாயின் நம் முன்னோர் ஆகாய விமானம் கட்டினார்கள் அன்றோ?" என்று எந்த வகுப்பிலும் ஒரு மாணவன் எழுவான். மேடைகளில் இவ்வாறு முழங்குவோரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. புறநானூற்றிலே பாகன் செலுத்தாத வான ஊர்தி பேசப்படுவதும், பெருங்கதையிலே உதயணனைச் சிறைப்பிடிக்கப் படைவீரரை வயிற்றில் ஒளித்த பொய்யானை செய்யப்படுவதும் விமானத்துக்கோ தொழிற்சாலைக்கோ சான்றாகா. அவை கற்பனைக்குச் சான்று. அரக்கும் மெழுகும் கொண்டு பறக்கும் பொறி செய்ய இயலாது என்பதைத் தேவர் அறியாதவர் அல்லர். கேட்போர் நம்பத்தக்க அளவுக்கு அதனைச் செய்து காட்டவேண்டும் என்பதை அறிந்தவர். கற்பனையை வரலாறாக்கி அதற்குப் பெருமை தேட முயல்வோர், கற்பனைக்குரிய பெருமையையே அதனிடமிருந்து பறித்துவிடுகின்றனர்.

நம்பத்தக்க பொறியைச் செய்தபின் தேவர் அதனைக் கதைக்குள் விடுகிறார். அங்கேதான் பொருள் இருக்கிறது. விசயை முன்னதாகவே பயின்று பொறியைச் செலுத்தக் கற்றிருக்கிறாள். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரசன் மாள்கிறான். வானத்திலே செல்பவள் பகைவனின் வெற்றி முரசைக் கேட்டு மயங்குகிறாள்; மயில் சுடுகாட்டில் இறங்குகிறது; சீவகன் அங்கே பிறக்கிறான். தப்பிக்கச் செய்த பொறி தப்புவித்தது. எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மட்டும் தச்சனும் அறியான், அரசனும் அறியான். ஒரு கருவி பயன்படுமா என்பதைத் தச்சன் சொல்லலாம். அது யாரை, எந்த இடத்தில், எந்த நிலையில் இறக்கிவிடும் என்பதைச் சொல்லக் கதை வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு மேனாட்டார் இக்காலத்தில் ஒரு பெயர் இட்டிருக்கின்றனர். தமிழில் அதனை 'வடிவமைப்புப் புனைவு' எனலாம். அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டேர்லிங் 2005ஆம் ஆண்டில் இச்சொல்லை வழங்கினார்; 2009இல் ஜூலியன் பிளீக்கர் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி அதற்கு முறைமை வகுத்தார்; இலண்டன் அரச கலைக்கல்லூரியில் கற்பித்த அந்தனி டன், பியோனா ராபி என்னும் இருவர் 2013இல் இத்துறைபற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அவர்கள் சொல்வதன் சாரம் இது: இன்னும் இல்லாத ஒரு பொருளை, உண்டு என்பதுபோல் உருவாக்குக. அதன் படத்தை வரைக; அதனோடு வரும் துண்டுப்பிரசுரத்தையும், விலைச்சீட்டையும், பழுதானால் செய்யவேண்டியதையும் எழுதுக. பின்னர் அதனை ஒரு வீட்டுக்குள்ளே, ஒரு தெருவிலே வைத்து, அங்கே என்ன நடக்கிறது என்று கதை சொல்லுக. இப்படி நடக்கும் என்று சோதிடம் கூறுவதன்று நோக்கம். இப்படி நடந்தால் நமக்கு உவப்பா என்று, காலம் இருக்கும்போதே வழக்காடுவதே நோக்கம்.

வழக்காடுதல் என்றவுடன் உண்மையான ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. 1968இல் வெளியான '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் திரைப்படத்தில் விண்வெளி வீரர் இருவர் உணவருந்திக்கொண்டே, மேசைமேல் தட்டையாகக் கிடக்கும் பலகைபோன்ற கருவிகளிற் செய்தி பார்க்கின்றனர். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்து, 2011இல், கைப்பலகைக் கணினியின் உருவம் யாருக்குச் சொந்தம் என்று ஆப்பிள் நிறுவனமும் சாம்சங் நிறுவனமும் அமெரிக்க நீதிமன்றத்தில் மோதியபோது, இவ்வுருவம் முன்பே எண்ணப்பட்டதுதான் என்று காட்டுவதற்குச் சாம்சங் தரப்பு அந்தத் திரைக்காட்சியையே எடுத்து நீட்டியது. புனைவு சாட்சிக்கூண்டில் ஏறியது அங்ஙனம்.

அத்திரைப்படத்தின் கதையை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் நமக்கு அந்நியர் அல்லர். இங்கிலாந்திற் பிறந்து 1956இல் இத்தீவுக்கு வந்து, 2008 மார்ச் 19ஆம் நாள் கொழும்பிலே காலமாகும்வரை இங்கேயே வாழ்ந்தவர் அவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு 1979 முதல் 2002 வரை வேந்தராயிருந்தார். கட்டுபெத்தையிலே அவர் பெயரால் ஒரு தொழில்நுட்ப நிறுவனமும் உண்டு. அந்நிறுவனத்தைச் சார்ந்த பொறியியலாளர் ஜப்பானிலே பயின்று உருவாக்கிய ஒரு கிலோ அளவான சிறு செய்மதி 2019இல் விண்ணுக்குச் சென்றது. அதற்கு இட்ட பெயர் 'இராவணா-1'. வானூர்தி ஏறிய மன்னன் பெயரை வானூர்திக்கு இட்டது பொருத்தமே. எல்லையிலுள்ள இராவணன் நீர்வீழ்ச்சிக்கு அருகே இளநீர் விற்போரிடம் இச்செய்தியைச் சொன்னேன்; நீர்வீழ்ச்சிக்கு வருவோர் தொகை அதனாற் கூடுமா என்றே அவர்கள் கேட்டனர்.

கிளார்க் 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமியைச் சுற்றும் காலமும் பூமி தன்னைத்தான் சுற்றும் காலமும் ஒன்றாகிவிடும். நமக்கு அது அசையாமல் ஓரிடத்தில் நிற்பதுபோற் காணும். அத்தகைய மூன்றை நிறுத்தினால் உலகமெங்கும் ஒலியும் ஒளியும் அனுப்பலாம் என்பதே அதன் கருத்து. பத்தொன்பது ஆண்டுகளின்பின், 1964இல், 'சின்கொம் 3' என்னும் செய்மதி அவ்விடத்தில் நிறுத்தப்பட்டு தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைக் கடல் கடந்து கொண்டுசென்றது. இதில் எனக்குச் சுவை தருவது அவர் கண்டது பலித்தமை அன்று. அவர் எண்ணிய நிலையத்திலே மனிதர் குடியிருந்தனர்! வானொலிப் பெட்டியின் வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும் காலம் அது. மேலே இருந்து அவற்றை மாற்ற ஆள் வேண்டாவா? பாதையைக் கணித்த அறிவு திரான்சிஸ்டர் வரும் என்பதைக் கணிக்கவில்லை. எதிர்காலத்தை வரைவோர் கையில் நிகழ்காலத்தின் மை எப்போதும் ஒட்டிக்கொண்டேயிருக்கும்.

1975ஆம் ஆண்டிலே இந்தியா, அமெரிக்கச் செய்மதி ஒன்றை இரவல் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 அளவான கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி நடத்திற்று. பயிர்ச்செய்கை, சுகாதாரம், குடும்ப நலம் ஆகியவை அதிற் பேசப்பட்டன. மின்சாரத்தையே கண்டறியாத சிற்றூரார் மரத்தடியிற் கூடி வானிலிருந்து வந்த படத்தைக் கண்டனர். அப்போது கொழும்பிலே கிளார்க்கின் வீட்டிலும் இந்தியப் பொறியியலாளர் ஒரு பெரிய அலைவாங்கியை நிறுவிக் கொடுத்தனர். முப்பது ஆண்டுக்கு முன் தாம் கடுதாசியில் எழுதியதைத் தம் வீட்டிலிருந்தே அவர் பார்த்தார். எத்தனை எழுத்தாளருக்கு இது வாய்க்கும்?

அவருடைய நாவல்களுள் நம் மலைநாட்டாருக்கு நெருக்கமானது 1979இல் வந்த 'தி பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்'. சிவனொளிபாத மலையைச் சிறிது மாற்றிச் 'ஸ்ரீ கந்த' எனப் பெயரிட்டு, அதன் உச்சியிலிருந்து விண்வெளிவரை ஒரு கோபுரம் எழுப்பும் கதை அது. ஏணி வைத்து வானேறும் இவ்வெண்ணம் அவரது சொந்தச் சரக்கன்று. ஈபெல் கோபுரத்தைக் கண்டு 1895இல் இரசிய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி எண்ணியதை, 1960இல் யூரி ஆர்த்சுத்தானோவ் என்னும் பொறியியலாளர், வானிலிருந்து தொங்கும் வடமாகத் திருத்தி மொஸ்கோவிலே ஒரு செய்தித்தாளில் எழுதினார். அவ்வடத்தின் அடி பூமத்திய ரேகையில் ஊன்றவேண்டும். நம் தீவோ அதற்கு வடக்கே கிடக்கிறது. கிளார்க் என்ன செய்தார்? தீவையே தூக்கி ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே வைத்துவிட்டார்! இதனைப் பின்னுரையிலே வாசகருக்குச் சொல்லியும்விட்டார். புலவர்க்கு இவ்வுரிமை உண்டு.

கதையின் உயிர் வடத்தில் இல்லை, வழக்கில் இருக்கிறது. மலையுச்சியில் ஒரு பழம்பெரும் மடாலயம். துறவியர் அவ்விடத்தை விட மறுக்கின்றனர். உலகிலே இவ்வேலைக்கு உகந்த மலை வேறில்லை என்கிறார் பொறியியலாளர் மோர்கன். நீதிமன்றம் துறவியர் பக்கம் நிற்கிறது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளிலே மடாலயத்தார் வெளியேறவேண்டும் என்று ஒரு பழைய வாக்கு உண்டு. காலநிலையைக் கட்டுப்படுத்த முயன்றோரால் எழுந்த புயல் ஒன்று அப்பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. சமனல கந்த எனச் சிங்களத்தில் அம்மலைக்கு வண்ணத்துப்பூச்சி மலை என்றே பெயர். ஆண்டுதோறும் அவை அத்திசை நோக்கிப் பறப்பதை நாமும் கண்டிருக்கிறோம். ஒரு யந்திரத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்ய ஊர்ப்பழமொழி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாரே, அங்கே கிளார்க் வெறும் விஞ்ஞானியாக இல்லை.

இந்நாவலின் கதையைப் பத்தாம் வகுப்பிலே சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, சாமியார்மாரிடம் கேட்டார்கள், சரி. மலையைச் சுற்றித் தோட்டத்திலே இருக்கிறவர்களிடம் கேட்டார்களா?" நான் விடை கூறவில்லை. அவ்வினாவைக் கரும்பலகையில் எழுதி அப்படியே விட்டேன்.

எதிர்காலத்தை வரைவோர் யார் என்பதே அவ்வினாவின் உட்பொருள். 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மகசின்' என்னும் இதழில், வங்கப் பெண்மணி ரொக்கேயா சக்காவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதையை எழுதினார். அந்நாட்டிலே ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டிச் சமைக்கின்றனர், முகிலிலிருந்து நேரே நீரை இறக்குகின்றனர், வானூர்தியிற் செல்கின்றனர். ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்திருக்க, பெண்கள் ஆட்சி நடத்துகின்றனர். சூரிய அடுப்பு என்பதை ஒரு பொறியியலாளன் எண்ணியிருந்தால் எரிபொருட் சிக்கனத்தைப் பேசியிருப்பான். ரொக்கேயாவோ புகையில்லாத அடுக்களையிலே நிற்கும் பெண்ணின் முகத்தைக் கண்டார். கருவி ஒன்றே, காண்போர் வேறு. அக்கதையை எழுதியவர் சில ஆண்டுகளிற் பெண்களுக்கென ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்.

தமிழிலே இதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனின் சுஜாதாவைத் தவிர்க்க இயலாது. அவருடைய நடையைப்பற்றி எம்போன்ற பண்டிதர்க்குச் சில குறைகள் உண்டு. அவை இங்கே வேண்டா. 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதிச்சீட்டு வேண்டும். ஆளும் தலைவனோ உருவமற்ற ஒளித்தோற்றம். அறிவும் குறும்பும் நிறைந்த ஜீனோ என்னும் யந்திர நாய் மனிதரினும் மனிதத்தன்மை உடையதாயிருக்கிறது. எழுதியவர் தொழிலிற் பொறியியலாளர். பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு யந்திரம் உருவானதில் அவருக்குப் பங்குண்டு. எழுதப்படிக்கத் தெரியாதோரும் தம் சின்னத்தைக் கண்டு பொத்தானை அழுத்த, யந்திரம் ஓர் ஒலியெழுப்பி 'பதிந்தது' என்று உணர்த்தும். பகலிலே அத்தகைய பொறியைச் செய்தவர், இரவிலே குடிமக்களை எண்களாக்கி ஆளும் பொறியைப்பற்றிக் கதை எழுதினார். ஒருகை செய்ததை மறுகை ஐயுற்றது. 2008 பெப்ரவரி 27இல் அவர் மறைந்தார். சரியாக மூன்று கிழமை கழித்துக் கிளார்க் மறைந்தார்.

இனி நம் மலைக்கு வருவோம். எதிர்காலக் கதை நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மாரை இங்கே கொண்டுவந்ததே ஒரு கதைதான். தேயிலைச் செடியின் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஆசைகாட்டி ஆள் சேர்த்ததாக மலையகத்திலே செவிவழிச் செய்தி உண்டு. பொருளும் உண்டு, இடமும் உண்டு, பயன்படுத்தும் முறையும் உண்டு. வடிவமைப்புப் புனைவுக்கு வேண்டிய இலக்கணமெல்லாம் அதில் அமைந்திருக்கின்றன. கேட்டவர்கள் வழக்காடவில்லை, கப்பலேறினார்கள்.

லயமும் ஒருவன் வரைந்த வரைபடமே. பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒரு காம்பரா, முன்னே ஓர் இஸ்தோப்பு, தொங்கலிலே ஒரு பீலிக்கரை என்று கோடு கிழித்தவன் மனத்திலே உழைப்பவன் இருந்தான். மூத்துத் தளர்ந்தவளும், படிக்கும் பிள்ளையும், புதிதாய் மணந்த தம்பதியரும் இல்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோதும் நம் எதிர்காலம் காகிதத்தில் வகுக்கப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பார்ப்போம் என்று கணக்கு முடிந்தது. ஒரே காம்பராவில் தாய்க்கு ஒரு நாடும் மகனுக்கு ஒரு நாடும் வந்தன. அக்கணக்கை வகுத்தோர் அதற்கு முன் ஓர் இரவு ஒரு கதையாக அதனை எழுதிப் பார்த்திருந்தால், ஒரு புகையிரத நிலையத்தின் மேடையில் அக்கதை எவ்வாறு நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மேனாட்டிலும் இதே நிலைதான். 1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியிலே நோர்மன் பெல் கெடிஸ் என்னும் வடிவமைப்பாளர் 'பியூச்சராமா' என்றொரு மாதிரி நகரத்தை அமைத்தார். பார்ப்போர் நகரும் நாற்காலியில் அமர்ந்து, 1960ஆம் ஆண்டின் அமெரிக்காவை மேலிருந்து கண்டனர். எங்கு நோக்கினும் அகன்ற நெடுஞ்சாலை, அதில் ஓயாது ஓடும் மோட்டார் வண்டி. அதற்குப் பணம் கொடுத்தது ஜெனரல் மோட்டோர்ஸ் என்னும் மோட்டார் வண்டி நிறுவனம். விற்பவன் வரையும் நாளையிலே விற்பனைப் பண்டமே நாயகன்.

அண்மைக்கு வருவோம். ஊவாவிலே உமா ஓயாத் திட்டம் 120 மெகாவோற் மின்சாரம் தருவதற்கும், தெற்கேயுள்ள வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுசெல்வதற்கும் வகுக்கப்பட்டது. மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினர். 2014 டிசம்பரிலே சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. மேலே, பண்டாரவளைப் பக்கத்திலே, கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் பின்னர் நிறைவெய்தி 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. மின்சாரமும் வேண்டும், வயலுக்கு நீரும் வேண்டும். அதனை நான் மறுப்பவன் அல்லேன். சுரங்கத்தின் வரைபடத்தோடு, விடியற்காலையிலே குடத்தோடு கிணற்றடிக்குப் போகும் ஒரு பெண்ணின் கதையும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால், "கிணற்றிலே நீர் இல்லாவிட்டால்?" என்னும் வினா வெட்டுவதற்கு முன்பே எழுந்திருக்கும் என்கிறேன். நிலவறையில் ஓடும் நீர் எந்தக் கிணற்றுக்கு உரியது என்பதை வரைபடத்தைக் காட்டிலும் அக்கிணற்றில் மொள்பவள் நன்கு அறிவாள்.

இவ்வெண்ணங்களோடுதான் சென்ற தவணையிலே என் வகுப்பாருக்கு ஒரு வேலை கொடுத்தேன். கட்டுரைப் பயிற்சிக்குக் கொடுக்கும் 'நான் ஒரு பேனா பேசுகிறேன்' என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் சலிப்பு, எழுதுவோர்க்கும் சலிப்பு. ஆதலால், முப்பது ஆண்டு கழிந்து இத்தோட்டத்தில் இருக்கக்கூடிய ஒரு பொருளை வரைந்து, அது செய்யும் வேலையை விளக்கி, அதனால் ஒருநாள் என்ன நடந்தது என்று கதை எழுதுமாறு கூறினேன். இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கப்படும் என்பதையும் மறவாமற் சொன்னேன்.

ஒருவன் சிலந்திபோல் எட்டுக்கால் கொண்ட கொழுந்து பறிக்கும் யந்திரத்தை வரைந்தான். இரண்டிலையும் ஓர் அரும்பும் கண்டு கிள்ளும், மழையிலும் நிற்காது, அட்டைக்கு அஞ்சாது. முதுகு வளைந்த தன் அப்பாயி ஆறுதலாக உட்கார்ந்திருப்பதாக அவன் கதை முடிந்தது. வகுப்பு கைதட்டிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவன், "செக்ரோலிலே பேர் யாருக்கு விழும்? அப்பாயிக்கா, சிலந்திக்கா?" என்றான். முழுப்பேருக்கும் அரைப்பேருக்கும் இடையிலுள்ள தூரம் எத்தனை நாட்சோறு என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியும். யந்திரத்தைத் தோட்டம் வாங்கினால் ஒரு கதை. லயத்தார் கூட்டாக வாங்கினால் வேறொரு கதை என்று வாதம் போயிற்று. அவன் மறுநாள் இரண்டு முடிவுகள் எழுதிக்கொண்டு வந்தான். இரண்டாவதில் அப்பாயி யந்திரத்துக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

ஒரு மாணவி பேசும் தராசு செய்தாள். கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டதும் நிறையை உரக்கச் சொல்லும். பறித்தவள் கையிலும் ஒரு துண்டு கொடுக்கும். எழுதுவது கணக்கப்பிள்ளை, கேட்பது பறித்தவள் என்னும் நிலை அதனால் மாறும் என்று எழுதியிருந்தாள். கூடைக்கும் ஈரத்துக்கும் இத்தனை என்று கழிப்பதைத் தராசுக்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று தோழி ஒருத்தி வினவினாள். சொல்லிக்கொடுத்தவன் பொய்யைச் சொல்லிக்கொடுத்தால், அது பொய்யையும் தெளிவான குரலிற் சொல்லும் அன்றோ? இவள் யோசித்து, தராசுக்கு இரண்டு குரல் வைத்தாள். கழிக்குமுன் உள்ள நிறையைப் பெண்குரல் சொல்லும். கழித்தபின் உள்ளதை ஆண்குரல் சொல்லும். இடையிலுள்ள வித்தியாசத்தை மலையே கேட்கும். யாப்பருங்கலம் கற்ற எனக்கு இதனினும் நல்ல முரண்தொடை நினைவுக்கு வரவில்லை.

மூன்றாவது வேலை ஐவர் சேர்ந்து செய்தது. அதனைப்பற்றிக் கூறுமுன் ஒன்று சொல்லவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிலே, இதே ஹல்துமுல்லைப் பிரதேசச் செயலகப் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பியபோது வீடிருந்த இடத்தில் மண்ணே இருந்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அளவு இருந்தது, எழுத்தும் இருந்தது. இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 பெய்தால் எச்சரிக்கை, 150 பெய்தால் வெளியேறுதல் என்று இப்போது நம் மாணவரும் சொல்லுவர். நிலம் பிளத்தல், மரம் சாய்தல், ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகிய அறிகுறிகளை அவர்கள் திணைக்கு முதற்பொருள் கருப்பொருள் சொல்லுவதுபோல் ஒப்பிப்பர்.

ஐவரும் வரைந்தது மலையிலே நட்டு வைக்கும் ஒரு முளை. 'மலைக்காவலன்' என்று பெயர். மண்ணுக்குள்ளே ஆறடி, மேலே மூன்றடி. மண் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அறியும். மழையையும் அளக்கும். இரவில் விளக்கெரியும். ஆபத்து வரின் கூவும். எந்த மொழியிற் கூவும் என்பதிலேயே ஒரு பாடவேளை கழிந்தது. தமிழும் சிங்களமும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லலாம் என்றனர் சிலர். இரண்டாவது மொழி வருமுன் மலை வந்துவிடும் என்றனர் சிலர். முடிவில் மொழி வேண்டா, பிரட்டுக்குத் தட்டும் தப்பின் ஓசையே போதும் என்று தீர்மானித்தனர். அவ்வோசையைக் கேட்டால் எழுந்து வெளியே வருவது இத்தோட்டத்து உடம்புகளுக்குப் பழக்கம் என்றான் ஒருவன். அதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

கதை எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் எழுந்தது. முளை கூவுகிறது. இரவு இரண்டு மணி. மழை. லயத்தார் எழுந்து வெளியே வந்து நிற்கின்றனர். இனி எங்கே போவது? முளையின் தலையிலே வழிகாட்டும் ஓர் அம்புக்குறியை அவர்கள் முன்னமே வரைந்திருந்தனர். அது எத்திசையைக் காட்டவேண்டும் என்பதை வரைந்தபோது யாரும் எண்ணவில்லை. கதைக்குள்ளே நனைந்துகொண்டு நின்றபோது எண்ணவேண்டியதாயிற்று. கோயில் என்றாள் ஒருத்தி. அது ஓடைக்கரையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றான் ஒருவன். அதற்கு மேலே வெட்டுமலை. பிள்ளைக்காம்பரா லயத்தை ஒட்டியே இருக்கிறது. ஸ்டோருக்குப் போகும் வழியில் பாலம் உண்டு. மழையிலே அது நில்லாது.

தோட்டத்தின் படத்தை எடுத்து மேசைமேல் விரித்தனர். சமமான, உறுதியான, நீர் வடிந்தோடும் நிலம் எங்கே என்று விரல்வைத்துத் தேடினர். அத்தகைய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் நல்ல இடம் பார்த்துக் கட்டியவன் கட்டியிருந்தான். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பின்னர் என்னைப் பார்த்தனர். மை உங்கள் கையில் இருக்கிறது என்றேன்.

அப்படம் இப்போது வகுப்பறைச் சுவரிலே தொங்குகிறது. அம்புக்குறி துரை பங்களாவைக் காட்டுகிறது. கீழே சிறிய எழுத்திலே, 'வாயிற்கதவின் திறப்பு லயத்திலும் ஒன்று இருக்கவேண்டும்' என்று எழுதியிருக்கின்றனர். 'திறப்பு' என்பதை வல்லின றகரத்திற் சரியாகவே எழுதியிருந்தனர்.